கிறிஸ்தவப் பெண் என்றால் எதிலும் குறை இருக்கக் கூடாதா? இந்த அழுத்தத்திலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்?

முழுசாக வெளியே வந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இப்போது மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான். அதுவரைக்கும் வந்த கதையைச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். வேதாகமத்தில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய வசனங்களை வரிக்கு ஒன்றாக எழுதி, எதிரே கட்டம் போட்டு, ராத்திரி படுக்கும் முன் டிக் அடிப்பேன். 10 முதல் 31 வரை மொத்தம் 22 வரி. இருட்டோடே எழுந்தேனா? டிக். ஏழைக்குக் கை நீட்டினேனா? அரை டிக். "தயையுள்ள போதகம் அவள் நாவின்மேலிருக்கிறது" என்ற வரிக்கு எதிரே பெரும்பாலும் பெருக்கல் குறிதான். குழந்தை பிறந்த பிறகு நோட்டு முழுக்கப் பெருக்கல் குறி.

இதில் வேடிக்கை, யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வருஷா வருஷம் அன்னையர் தினத்தில் அதே அதிகாரத்திலிருந்து பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன்னால் சொல்ல, எழுந்தவர்கள் எல்லாரும் ஜெயித்த கதையை மட்டும் சொல்வார்கள். மற்றப் பெண்கள் நிஜமாகவே இப்படி வாழ்கிறார்கள், நான் ஒருத்திதான் நடிக்கிறேன் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வந்தது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. ஜெபம் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். டாக்டரிடம் போன பிறகுதான் இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்தது. உங்களுக்கும் இப்படி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், நான் எழுதியிருக்கும் மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, அந்த 22 வரிக்கு வருகிறேன். சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன். அதுவரை பத்தாம் வசனத்துக்கு மேலே என் கண் போனதே இல்லை. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது என்று அதிகாரம் தொடங்குகிறது. ஒரு மகனுக்கு அவன் அம்மா சொன்னது! மாமியார் ஆகப்போகிறவளின் ஆசைப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் தினமும் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

22 என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. எபிரெய மொழியில் எழுத்துகள் 22. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும் அகரவரிசைப் பாட்டு அது. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பாராட்டித் தீர்க்கிற பாட்டு. ஒரு நாளின் வேலை அட்டவணையாக அதை மாற்றியது நான்தான். வயலை வாங்குவது, திராட்சத்தோட்டம் நாட்டுவது எல்லாம் யாராவது தினமும் செய்கிற காரியமா? போதாததற்கு 15ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் வேறு இருக்கிறார்கள், அதுவும் பன்மையில். இருட்டோடே எழுந்ததற்கு டிக் அடித்த அதே வரியில் வேலைக்காரிகளை மட்டும் ஏனோ நான் கவனிக்கவே இல்லை.

யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும்போது, இதைப் பாட்டாகப் பாடும் வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் கணவன் மனைவியைப் பார்த்துப் பாடுவான். இதைத் தெரிந்துகொண்ட அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாரத்து வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் காது குளிரக் கேட்கிற பாட்டு. அதை நான் ராத்திரியில் என்னை நானே குற்றம்சாட்டப் பயன்படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. குணசாலி என்று நம் வேதாகமத்தில் வரும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'கயில்' என்ற சொல். பலம், வீரம், படை என்று அர்த்தம். கிதியோனைத் தூதன் "பராக்கிரமசாலியே" என்று அழைக்கிறானே, அங்கேயும் இதே சொல்தான். (அப்போது கிதியோன் எதிரிகளான மீதியானியருக்குப் பயந்து திராட்ச ஆலைக்குச் சமீபமாய் ஒளிந்து கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.) ரூத் 3:11-இல் வயலின் சொந்தக்காரனான போவாஸ் ரூத்தைப் பார்த்து "நீ குணசாலி" என்று சொல்வதும் நீதிமொழிகளில் உள்ள அதே சொற்றொடர்தான். என் நோட்டில் ரூத்துக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வயல் இல்லை, அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்குகிற மோவாபியப் பெண். முக்கால்வாசிக் கட்டத்தில் பெருக்கல் குறிதான் விழும். போவாஸ் கட்டங்களைப் பார்க்கவில்லை. அவள் தன் மாமியார் நகோமியைக் கைவிடாததைப் பார்த்தான்.

இதைச் சொன்னால் சிலர் உடனே மத்தேயு 5:48-ஐக் கொண்டுவருவார்கள். "பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்று இயேசுவே சொல்லவில்லையா? சொன்னார். அதற்கு முந்தின வசனங்களையும் படிக்க வேண்டும். சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றியும், தீயோர் நல்லோர் எல்லார்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிற பிதாவைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்துதான் அதைச் சொல்கிறார். அன்பில் ஆள் பார்க்காத முழுமை அது. அங்கே வரும் 'டெலெயோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை எபிரெயர் 5:14-இல் "பூரண வயதுள்ளவர்கள்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பிழையே விடாதவர் என்பதைவிட வளர்ந்து முதிர்ந்தவர் என்பதுதான் அதற்கு நெருக்கம். வளர்கிறவள் விழத்தான் செய்வாள். இது சோம்பலுக்குச் சாக்கு என்று தோன்றினால், சத்துருவை ஒரு வாரம் சிநேகித்துப் பாருங்கள், வீடு துடைப்பது எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

இதெல்லாம் தெரிந்ததாலேயே விடுதலை வந்துவிடவில்லை. ஒரு பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். வழக்கமான ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது, "காலையில் பிள்ளைகளிடம் கத்திவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்" என்று வந்துவிட்டது. அப்புறம் மருந்து சாப்பிட்டதையும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது மூன்று பேர் தனித்தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், இவரைப் போல் ஆக வேண்டும் என்று நான் வருஷக்கணக்காக நினைத்திருந்த அக்கா.

பழைய பழக்கம் லேசில் போவதில்லை. போன மாதம் போதகர் குடும்பம் வருகிறது என்றதும் மடிக்காத துணி மலையை அப்படியே உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். கை கழுவப் போன போதகரம்மா கதவு மாறித் திறந்துவிட்டார். நான் என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். "எங்க வீட்லயும் இதே மலைதாம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கிவிட்டார். பேசிக்கொண்டே பாதி மலையைக் கரைத்தோம். மீதி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.