அன்பான அறிவுரை

கேள்வி: 11 பேர் கொண்ட குழுவுக்கு மேலாளராகியிருக்கிறேன். உத்தரவே போடுவதில்லை, எல்லாவற்றையும் அன்பான அறிவுரையாகவே சொல்கிறேன். ஆனால் ஒருவரும் மறுத்துப் பேசாமல், சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போகிறார்கள். எங்கே பிழை? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: ‘அன்பான’ என்ற அடைமொழியைக் கண்டதுமே எனக்குச் சற்று அச்சமாகிவிட்டது. ‘முடிந்தால் இன்று மாலைக்குள் அந்த அறிக்கையை முடித்துவிடலாமே’ என்று மேலாளர் கனிவாகச் சொல்லும்போது, அந்த ‘முடிந்தால்’ வெறும் அலங்காரம் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். ‘உன் இஷ்டம்மா, எனக்கென்ன’ என்று மாமியார் சொன்ன பிறகு தன் இஷ்டப்படி நடந்துகொண்ட மருமகளை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தால் அவரையே உங்கள் குழுவுக்குப் பரிந்துரைப்பேன். மேலாண்மைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களோடு எனக்குள்ள பழைய தகராறும் இதுதான். மதியச் சாப்பாட்டோடு அவர்கள் கற்றுத் தருவது குரலைத் தாழ்த்தும் கலையை மட்டுமே. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்த நாற்காலியை விட்டு அசைவதில்லை.

அசைத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் டேவிட் மார்க்கே 1999இல் சாண்டா ஃபே என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவரானார். அவர் ஓராண்டு படித்துத் தயாரானதோ வேறொரு கப்பலுக்கு. ஒரு பயிற்சியின்போது, மின் மோட்டாரில் இல்லவே இல்லாத ஒரு வேகத்தை அவர் சொல்ல, அனுபவம் மிக்க அதிகாரி அதை அப்படியே உத்தரவாக்க, சுக்கானில் இருந்தவர் திகைத்து நின்றார். அப்படியொரு வேகம் இல்லையென்று தெரிந்தும் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, ‘நீங்கள் சொன்னீர்களே’ என்றார் அந்த அதிகாரி. உங்கள் 11 பேர் செய்வதும் இதையேதான். அன்றிலிருந்து மார்க்கே, ஆயுதம் ஏவும் உத்தரவைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டார். ‘கப்பலை அமிழ்த்தப் போகிறேன், ஆட்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள், கதவுகள் மூடியாயிற்று, ஆழம் போதுமானது’ என்று அதிகாரியே காரணங்களோடு சொல்ல, தலைவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லும் வழக்கம் வந்தது. அதற்கு ஏற்ற தொழிலறிவு கீழ்மட்டம் வரை இருந்தாக வேண்டும் என்பதால் பயிற்சியையும் கடுமையாக்கினார். பலர் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, அறிவுரையைச் சில காலம் நிறுத்தி வையுங்கள். கூட்டத்தில் கடைசி ஆளாகப் பேசுங்கள். உயிருக்கு ஆபத்து விளையக்கூடிய இடத்தில் கூச்சப்படாமல் உத்தரவே போடுங்கள். மற்ற இடங்களில், உங்கள் யோசனையை ஏற்காமல் ஒருவர் தன் வழியில் செய்து, அது ஓரளவு பிசகியும் போனால், ஆண்டிறுதியில் அவருடைய சம்பள உயர்வில் கை வைக்காதீர்கள். மற்ற பத்துப் பேரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.