சின்னக் கடைக்கு ஷேர்டு ஹோஸ்டிங் போதுமா? அதில் சாதகம் என்ன, பாதகம் என்ன?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவும் சித்தியும் வீட்டிலிருந்தே சாம்பார் பொடி, இட்லிப் பொடி, வடகம் போட்டு விற்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கணக்கு வைக்க முடியவில்லை. வலைத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓர் இணையக் கடை போட நினைக்கிறீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங் எடுக்கப் போனால் நண்பர் தடுத்து, "அது வேலைக்கு ஆகாது, விபிஎஸ் எடு" என்கிறார். விபிஎஸ் என்றால் சர்வரில் உங்களுக்கென்று தனியாக ஒதுக்கப்படும் ஒரு பகுதி. யார் சொல்வதைக் கேட்பது?

ஷேர்டு ஹோஸ்டிங்கே எடுங்கள். நான் மதுரையில் 2014 முதல் சின்னக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் போட்டுக் கொடுக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் ஓடுகின்றன. ஆனால் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதையெல்லாம் அந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பது தெரியாமல் எடுத்தால் உங்கள் நண்பர் பயப்படுவது எல்லாம் நடக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

ஒரே சர்வரில் சில நூறு பேரின் தளங்களைக் குடிவைப்பதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1997-ல் அதன் 1.1 பதிப்பு வந்தபோது, பிரௌசர் தனக்கு எந்தத் தளம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் முறை கட்டாயமானது. அதனால் ஒரே ஐபி முகவரிக்குப் (இணையத்தில் சர்வரின் எண்) பின்னால் எத்தனை தளங்களையும் வைக்க முடிந்தது, விலையும் இறங்கியது. பூட்டுக் குறி போட்ட எச்டிடிபிஎஸ்-க்கு மட்டும் இந்த வசதி தாமதமாகத்தான் கிடைத்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அந்த முறை புரியாது என்பதால், நான் தொழிலுக்கு வந்த வருடம்கூடக் கடைக்காரரிடம் தனி ஐபிக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சேவை எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தரத் தொடங்கிய பிறகு சான்றிதழ்ச் செலவு இல்லாமல் போனது. இன்று எந்த நிறுவனமாவது எஸ்எஸ்எல் என்ற இந்தச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அங்கே வாங்காதீர்கள்.

விலை குறைவு என்பதைத்தான் எல்லோரும் முதல் சாதகமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சர்வரின் பராமரிப்பு உங்கள் தலையில் விழாது. சர்வரின் இயங்குதளமான லினக்ஸுக்கு அப்டேட் போடுவது, டேட்டாபேஸ் நின்றுபோனால் எழுப்பிவிடுவது, ஃபயர்வால் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் வேலை. விபிஎஸ் எடுத்தால் அத்தனையும் உங்களுடையது. 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ஸில் வேர்ட்பிரஸ் கடையை வைத்தால், நினைவகம் நிறைந்ததும் லினக்ஸ் முதலில் கொல்வது பெரும்பாலும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லைத்தான். ராத்திரி 2 மணிக்கு அது நின்றால் காலையில் நீங்கள் எழுந்து பார்க்கும்வரை கடை மூடித்தான் கிடக்கும். பராமரிக்க ஆள் இல்லாத விபிஎஸ், நல்ல ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்தானது. உங்கள் நண்பரே அதைத் தினமும் பார்த்துக்கொள்வார் என்றால் பேச்சு வேறு.

இனி பாதகங்கள். முக்கியமானது முதலில்.

விளம்பரப் பக்கத்தில் "அன்லிமிடெட் ஸ்டோரேஜ், அன்லிமிடெட் பேண்ட்வித்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்கள் கடை விழுவது அவற்றால் அல்ல. பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்து ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, நினைவகம், டிஸ்க் வேகம் என்று தனித்தனி எல்லை போட்டிருப்பார்கள். ஒருவர் முழுச் சர்வரையும் விழுங்காமல் இருக்க அது தேவைதான். அதில் என்ட்ரி பிராசஸ் என்று ஒன்று உண்டு. உங்கள் தளத்துக்காக ஒரே கணத்தில் எத்தனை பிஎச்பி வேலைகள் (வேர்ட்பிரஸ் பக்கங்களைத் தயாரிக்கும் நிரல்கள்) நடக்கலாம் என்ற எண்ணிக்கை அது. கிளவுட்லினக்ஸில் இயல்பாக வருவது 20.

2019 தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை, நான் போட்டுக் கொடுத்த தளம். கடைக்காரர் புதுச் சேலைகளின் படங்களை லிங்க்கோடு பத்துப் பதினைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்கு போன். "தம்பி, கடை தொறக்கல. என்னமோ 508-ன்னு வருது." என்ட்ரி பிராசஸ் நிரம்பிவிட்டால் வரும் பிழை அது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். அவசரத்தில் மாறியிருப்பேன். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

20 என்றால் 20 வாடிக்கையாளர்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு பக்கத்தைத் தயாரிக்க சர்வருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கடையின் முகப்புப் பக்கம் தயாராக 3 விநாடி ஆனது. 20-ஐ 3-ஆல் வகுத்தால் விநாடிக்கு 6 பக்கம், மிஞ்சினால் 7. அதோடு, கூடையில் எத்தனை பொருள் இருக்கிறது என்று பார்க்க, வேர்ட்பிரஸைக் கடையாக்கும் வூகாமர்ஸ் பிளகின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாலேயே இன்னொரு கேள்வியை சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு பிஎச்பி வேலை. ஆக விநாடிக்கு 3 பேருக்கு மேல் உள்ளே வர முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் விழுந்தால் முதல் இரண்டு நிமிடத்தில் வரும் கூட்டத்துக்கு இது எப்படிப் போதும்?

அன்றைக்கே செய்தது மூன்று வேலைகள். லைட்ஸ்பீட் கேஷை இயக்கினேன். ஒருமுறை தயாரித்த பக்கத்தை அது எடுத்துவைத்து, பிஎச்பியைத் தொடாமலே அடுத்தவருக்கும் கொடுத்துவிடும். கூடைக் கேள்வியை முகப்பிலும் கட்டுரைப் பக்கங்களிலும் நிறுத்தினேன். 23 பிளகின்களில் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள்) 9-ஐத் தூக்கினேன். கேஷில் வைக்க முடியாத பக்கங்களும் அதன் பிறகு அரை விநாடிக்குள் தயாராயின. அதே 20, இப்போது விநாடிக்கு 40. அடுத்த வருடத் தீபாவளியை அதே பிளானிலேயே கடந்தோம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளம் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வருபவர்களிடம் இப்போதும் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய இன்னோர் எண் ஐநோடு. எத்தனை ஜிபி என்பதல்ல, எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது. "அன்லிமிடெட்" பிளானிலும் இது உண்டு, விதிமுறைப் பக்கத்தில் எங்கோ இருக்கும். போனில் எடுத்த ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளில் வெட்டிவைக்கும், வூகாமர்ஸ் தன் பங்குக்கு மூன்று அளவு சேர்க்கும். ஒரு படம் பத்துப் பதினொரு ஃபைல்களாகிவிடும். பொடிக்கும் வடகத்துக்கும் இது பெரிய கவலை இல்லை, முப்பது நாற்பது பொருள்தானே இருக்கும். 2,000 சேலைக்குத் தலா 4 படம் என்று போனால் 80,000-ஐத் தாண்டும். அதே கணக்கில் மின்னஞ்சல் பெட்டியும் வைத்திருந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல்.

மெயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்களோடு அதே சர்வரில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஐபி முகவரி இருவருக்கும் ஒன்று. அதே சேலைக் கடைக்கு ஒரு முறை மூன்று நாள் ஆர்டர் மெயில் ஒன்றுகூட வாடிக்கையாளருக்குப் போகவில்லை. சர்வரில் வேறு யாருடைய தளமோ ஹேக் ஆகி, ஸ்பாம் மெயிலாகக் கொட்டி, அந்த ஐபி தடைப் பட்டியலில் ஏறியிருக்கிறது. பணம் கட்டியவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துக் கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்கள். நாற்பது வருடக் கடை அது. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, "நம்ம பேரு போயிருமே தம்பி" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதிலிருந்து யாருக்கும் ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயிலை நான் கொடுப்பதில்லை. ஸோஹோ மெயிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ தனியாக எடுத்து, தளத்திலிருந்து போகும் ஆர்டர் மெயிலையும் மெயில் அனுப்பித்தரும் தனி எஸ்எம்டிபி சேவை வழியாக அனுப்புகிறேன். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயருக்கான பதிவேடு) போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறது.

"ஒரே பிளானில் 100 வலைத்தளம்" என்பதும் சாதகம் போலத் தெரியும். தொடக்கத்தில் ஆறு வாடிக்கையாளர்களின் தளங்களை நான் ஒரே கணக்கில் வைத்திருந்தேன். ஒன்றில் பழைய பிளகின் ஒன்று அப்டேட் ஆகாமல் கிடந்தது. அதன் வழியாக நுழைந்தவர்கள் ஆறையும் கெடுத்தார்கள். வேறு வேறு கணக்குகளுக்கு நடுவில் நல்ல நிறுவனங்கள் சுவர் எழுப்பியிருப்பார்கள். ஒரே கணக்குக்குள் இருக்கும் தளங்களுக்கு நடுவில் அப்படிச் சுவர் கிடையாது. தங்கையின் தையல் வகுப்புக்கும் ஒரு தளம் வேண்டும் என்றால், அதற்குத் தனிக் கணக்கு எடுங்கள்.

பேக்கப்பைப் பற்றித் தமிழ்த் தளம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறுவனம் எடுக்கும் பேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். சில இடங்களில் அது அதே சர்வரில்தான் இருக்கும், கணக்கு முடக்கப்பட்டால் அதையும் எடுக்க முடியாது. வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கோ வீட்டுக் கணினிக்கோ ஒரு பிரதி வர வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பிரதியை ஒரு முறையாவது வேறிடத்தில் ஏற்றித் திறந்து பார்ப்பது. ஒரு பள்ளியின் ஆண்டு மலர்த் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். படங்கள் எல்லாம் சரியாக வந்தன. பிள்ளைகள் எழுதிய கவிதைகள் முழுக்க வெறும் கேள்விக்குறிகள்! மைஎஸ்கியூஎல்லின் 8.0-க்கு முந்தைய பதிப்புகள், வேறு எதுவும் சொல்லாவிட்டால் எழுத்தை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 முறையில்தான் வைக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. எடுக்கும்போது லத்தீன்1 வழியாகப் போனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும், திரும்பவும் வராது. கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் மீட்க வழி உண்டு, கேள்விக்குறி ஆகிவிட்டால் கிடையாது. நல்ல வேளையாகப் பழைய சர்வர் இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருந்தது. தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 முறையில் மறுபடியும் எடுத்து ஏற்றினேன். நீங்கள் டேட்டாபேஸ் உருவாக்கும் முதல் நாளே இந்த எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

விலை. மாதம் 99 ரூபாய் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 4,752 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5,600-ஐத் தாண்டும். கெடு முடிந்ததும் புதுப்பிக்கும் விலை இதைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்குகூட இருக்கும். அதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுப்பதுதான் நல்லது. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, ஹோஸ்டிங்கோடு இலவசமாகத் தருகிறேன் என்றாலும் வேறொரு இடத்தில் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவு செய்யுங்கள். நிறுவனம் பிடிக்காமல் போனால் ஹோஸ்டிங்கை ஒரே நாளில் மாற்றலாம். டொமைன் அவர்கள் கையில் இருந்தால் மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

சர்வர் எந்த ஊரில் வேண்டும் என்று கேட்பார்களே, மும்பை என்றால் நல்லது. சிங்கப்பூர் என்றாலும் தயங்காதீர்கள், சென்னையிலிருந்து கடலடி கேபிள் நேராகப் போகிறது, தூரம் 3,200 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் இருக்கும் சர்வர் வேண்டாம், ஒவ்வொரு கிளிக்கிலும் தாமதம் தெரியும்.

உங்கள் அம்மா கடைக்கு ஷேர்டு போதாது என்று நான் சொல்லும் நாள் வந்தால் அது இப்படி இருக்கும்: கேஷ் எல்லாம் போட்ட பிறகும், கூடையில் பொருள் வைத்துப் பணம் கட்டும் கட்டத்தில் மட்டுமே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைக் கேஷில் வைக்க முடியாது. அப்போது விற்பனையும் அந்த அளவுக்கு இருக்கும், வேறொருவர் பராமரித்துத் தரும் விபிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்கக் கட்டுப்படியாகும்.

எடுப்பதற்கு முன் அவர்களுடைய சாட்டில் போய் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: என்ட்ரி பிராசஸ் எத்தனை, ஐநோடு எத்தனை, புதுப்பிக்கும் விலை எவ்வளவு. நேராக எண் சொல்லாமல் "அன்லிமிடெட்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கடை திறக்க நினைத்தால் இரண்டு மாதம் முன்பே தளத்தை ஏற்றிவிடுங்கள். சித்தியை விட்டு ஒரு ஆர்டர் போடச் சொல்லி, மெயில் அவர் இன்பாக்ஸுக்கு வருகிறதா, ஸ்பாமுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு குழுக்களில் லிங்க் போடுங்கள்.