குத்துவாளில் ஏன் இறைவசனம்?

வணக்கம் ஐயா,

பாரசீகக் குத்துவாள்களின் படங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன். ஆளைக் குத்தும் ஆயுதத்தில் குர்ஆன் வசனம் எதற்கு? பிடியில் மனித உருவங்கள் வேறு. அப்புறம் எப்படி இது இஸ்லாமியக் கலை?
கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

இரண்டாவது கேள்வி எளிது. 'இஸ்லாமியக் கலை' என்பது அருங்காட்சியகங்கள் வைத்துக்கொண்ட தலைப்பு. இஸ்லாமிய அரசுகளின் கீழ் உருவான எல்லாமே அதில் சேரும், மதப் பொருளாக இருக்கவேண்டியதில்லை. உருவத்துக்கான தடை பள்ளிவாசலில் கறார், அரண்மனையில் அப்படியில்லை. இத்தகைய தந்தப் பிடிகள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

வசனத்துக்கு வருவோம். கிண்ணம், விளக்கு என்று எதையும் விடாத எழுத்துக்கலை கத்தியை மட்டும் விட்டுவிடுமா? ஆயுதங்களில் அடிக்கடி காண்பது 61ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம்: இறைவனின் உதவி, அண்மையில் வெற்றி. அணிந்தவருக்கு அது காப்பு. ஆனால் எழுத்தெல்லாம் வசனம் என்று நினைக்கவேண்டாம். சாய்ந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்து என்றால் அது அநேகமாகப் பாரசீகக் கவிதை. காதலியின் இமையையே குத்துவாள் என்று பாடிய மரபு அது.

எனக்கு மயக்கம் எழுத்தில் இழைத்த தங்கத்தில் இல்லை, அலகின் எஃகில்தான். மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிய, கரிமம் மிகுந்த எஃகை அடித்து நீட்டி, மெருகேற்றி, திராவகம் தடவினால் அலை அலையாக வரிகள் எழும்பும். கோல்கொண்டா எஃகு இதற்காகவே ஈரானுக்குப் போனதை 17ஆம் நூற்றாண்டுப் பயணி தவேர்னியே எழுதியிருக்கிறார். அதற்கு வெகுமுன்பே, 9ஆம் நூற்றாண்டில், அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தன் நூலில் இலங்கை எஃகைப் பற்றிப் பேசுகிறார். அந்த வரிகள் தெரியவேண்டுமே! அதனால் தேர்ந்த கைவினைஞர் அலகின் நடுவைச் சும்மா விட்டு, பிடியை ஒட்டியும் முதுகிலும் மட்டும் எழுத்தை வைப்பார். பள்ளம் வெட்டித் தங்கக் கம்பியை அடித்து இறக்குவது உழைப்பு மிகுந்த வழி. பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, மேலே தங்கத்தை அழுத்தி ஒட்டுவது சுலபம், ஆனால் தேய்ந்துபோகும். அலகு முழுக்கத் தங்கம் என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அடியில் வரியே இல்லாத எஃகு இருக்கலாம்.

ஒரு திருத்தம். நீங்கள் அனுப்பியவற்றில் மூன்று பெரிய மரகதங்கள் பதித்தது பாரசீகக் குத்துவாளே அல்ல. ஆட்டோமன் சுல்தான் முதலாம் மஹ்மூத், ஈரானின் நாதிர் ஷாவுக்குப் பரிசாக அனுப்பியது. தூதுக்குழு வழியில் இருக்கும்போதே, 1747இல், நாதிர் ஷாவை அவருடைய சொந்தப் படை அதிகாரிகளே கொன்றுவிட்டார்கள். பரிசு திரும்பி வந்துவிட்டது. இப்போது இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது.