வேப்பங்கம்பு

அன்புள்ள ஐயா,

என் அண்ணனும் அப்பாவும் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறார்கள். வரப்புத் தகராறுதான். பக்கத்து நிலத்துக்காரர் வருஷா வருஷம் வரப்பை எங்கள் பக்கமாகச் செதுக்கிக்கொண்டே வந்தார். 2016-இல் ஒரு நாள் காலை வாய்ச்சண்டை முற்றி, அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியால் ஒரே ஒரு அடி அடித்துவிட்டான். மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்பா விலக்கிவிடத்தான் ஓடினார். அவரையும் ஏ2, அதாவது இரண்டாவது குற்றம்சாட்டப்பட்டவர் ஆக்கி, 302 (கொலை) உடன் 34 (பலர் பொது நோக்கத்தோடு செய்தது) என்று தண்டித்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. 304-ஆக, அதாவது கொலை அல்லாத மரணக் குற்றமாகக் குறைக்கச் சொல்லி வாதாடலாம் என்கிறார் வக்கீல். கொன்றதை ஒப்புக்கொண்டு தள்ளுபடி கேட்பதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாட்சிகள் நாலு பேருமே இறந்தவரின் சொந்தக்காரர்கள், அவர்களைக் கோர்ட் எப்படி நம்பலாம்? நீதிபதி எந்தச் சாதி என்பதும் முக்கியம் என்கிறார்கள் ஊரில். நாங்களும் எதிர் வழக்குக் கொடுத்தோம், அம்மாவுக்கும் கையில் அடி. அதில் அவர்கள் பக்கம் ஐந்து பேரைச் சேர்த்தோம். ஒரு பையன் அன்று திருப்பூரில் இருந்தான், அது வேறு விஷயம். எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் நியாயம் செய்யுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. கடைசிக்கு முன்னால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

304 கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சண்டையில், கோபம் தலைக்கேறிய நேரத்தில், கொடூரமாகவோ எதிராளியின் நிலையைச் சாதகமாக்கிக்கொண்டோ நடந்துகொள்ளாமல் ஒருவன் ஓர் உயிரைப் பறித்துவிட்டால், அது குற்றம்தான், ஆனால் கொலை அல்ல என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் நாலாவது விதிவிலக்கு சொல்கிறது. சட்டமே வகுத்து வைத்த வித்தியாசம் அது. தள்ளுபடி என்று நினைக்காதீர்கள். (2024 ஜூலை முதல் இந்த எண்களெல்லாம் மாறிவிட்டன. உங்கள் வழக்கு பழையது, பழைய எண்கள்தான் செல்லும்.) ஆனால் "ஒரே ஒரு அடி" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். 1958-இல் பஞ்சாபின் விர்சா சிங் வழக்கில் ஒரே ஓர் ஈட்டிக் குத்துதான். உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்றே முடித்தது. எங்கே அடி விழுந்தது, எதனால், எவ்வளவு வேகத்தில் என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் அண்ணன் மண்வெட்டியை வீட்டிலிருந்து சண்டைக்கென்று எடுத்துப்போகவில்லை, வேலை செய்துகொண்டிருந்த கையில் இருந்தது. வக்கீல் பேச வேண்டியது அதைத்தான்.

நீதிபதியின் சாதி பற்றிய கேள்வியை வந்த திண்ணைக்கே திருப்பி அனுப்புங்கள். அப்பா சிறையில் இருக்கும்போது மகன் யோசிக்க வேண்டிய விஷயமா அது?

சொந்தக்காரர் சாட்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடிகாலையில் வயல்காட்டில் வேறு யார் இருப்பார்கள் தம்பி? நெருங்கிய உறவுக்காரர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரைக் காட்டிக்கொடுப்பது அபூர்வம் என்று 1953-லேயே, தலீப் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னது: பகையும் ஆத்திரமும் இருக்கிற இடத்தில், குற்றவாளியோடு சேர்த்து, தனக்குப் பிடிக்காத நிரபராதி ஒருவனையும் இழுத்துவிடும் போக்கு உண்டு என்று. கிராமத்துச் சண்டையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் உங்கள் அப்பாவுக்காக நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். சரி, நம்புங்கள். அந்தப் பாதி உங்கள் வீட்டையும் பார்த்துத்தான் பேசுகிறது.

"அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அதுதான் விஷயம்.

1986-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காடு. பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் ஊரில் யாருக்கு மனு என்றாலும் என்னிடம் வருவார்கள். ஒரு பொதுக் கிணற்றில் இரண்டு குடும்பங்களுக்கு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போடுவார்கள். முறை மாறிப் போட்டுவிட்டார் ஒருவர் என்று ஆரம்பித்த சண்டை. ஒரு வீட்டுத் தம்பி பின்னாலிருந்து எதிராளியைப் பிடித்துக்கொள்ள, அவருடைய அண்ணன் அரிவாளால் வெட்டினார். வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தார்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு குண்டு பல்பின் அடியில், தரையில் உட்கார்ந்து நான்தான் புகாரை எழுதினேன். இரண்டு கார்பன் தாள் வைத்து, அழுத்தி எழுத வேண்டும். நடந்ததை எழுதி முடித்தபோது இறந்தவரின் பெரியப்பா குனிந்து, "டெய்லரையும் சேரு தம்பி" என்றார். எங்கள் ஊர் டெய்லர் சத்தம் கேட்டு விலக்கிவிட ஓடியவர். வெட்டினவருக்கு மைத்துனன் முறை, அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. சுற்றி நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பிணம் கிடக்கிறது, பெண்கள் அழுகிறார்கள். நான் சேர்த்தேன்.

வெறும் பெயரைச் சேர்த்தால் போதாது. அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். "கையில் வைத்திருந்த கம்பால் அடித்தார்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, "வலது கையில் வைத்திருந்த வேப்பங்கம்பால் இடது தோளில் ஓங்கி அடித்தார்" என்று மாற்றினேன். இப்போது நிஜம்போல இருந்தது. வேப்பங்கம்பு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது என்னுடையது. நான் எழுதிய முதல் கதை அது என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

செஷன்ஸ் கோர்ட் மூன்று பேருக்கும் ஆயுள் கொடுத்தது. சாட்சிகள் என் வாக்கியத்தை மனப்பாடம் செய்து, வேப்பங்கம்பு வரைக்கும் அப்படியே சொன்னார்கள். அப்போது மதுரைக் கிளை கிடையாது, 2004-இல்தான் வந்தது. மேல்முறையீடு சென்னையில் நடந்தது. பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் இறந்தவரின் இடது தோளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. டெய்லரை விடுதலை செய்தார்கள். கூடவே, பிடித்துக்கொண்டு நின்ற தம்பியையும் விடுதலை செய்தார்கள். டெய்லரைப் பற்றிப் பொய் சொன்ன அதே வாய்கள்தான் தம்பியைப் பற்றியும் சொன்னவை, அதை மட்டும் எப்படி நம்புவது என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பொய்யால் சாட்சியம் முழுவதும் பொய்யாகிவிடாது, பதரை நீக்கி மணியை எடுக்க வேண்டும் என்பதுதான் நம் சட்டம். ஆனால் பதரை மணியோடு அரைத்துக் கொடுத்துவிட்டால் எந்த நீதிபதி பிரிப்பார்?

இறந்தவரின் மனைவி ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "பிடிச்சவனையும் விட்டுட்டாகளே தம்பி" என்றார். நான் எண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

டெய்லர் திரும்பி வந்தபோது மிஷினை விற்றிருந்தார்கள். பம்பாயில் இருந்த அவர் அண்ணனுக்கு முன்பெல்லாம் நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோர்ட்ல காகிதத்தக் காமிச்சாங்க. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, உங்க எழுத்துன்னு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் நான் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொல்லிமலையில் நடந்த ஒரு கொலை, துலியா காளி வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். நிலத்துத் தகராறு. சேலம் செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்து, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. 1972-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. போலீஸ் ஸ்டேஷன் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும், முதல் தகவல் போய்ச் சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாமதமானால் நடந்ததோடு யோசித்துச் சேர்த்ததும் கலந்துவிடும் என்றார் நீதிபதி எச்.ஆர். கன்னா. இன்றைக்கும் மேல்முறையீட்டில் நல்ல வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பது, முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கையொப்பத்தோடு குறித்திருக்கும் அந்த இடத்தைத்தான். நடந்த நேரத்துக்கும் அந்தக் கையொப்பத்துக்கும் நடுவில் இருக்கிற மணி நேரங்களில்தான் பெயர்கள் ஏறுகின்றன. உங்கள் அப்பா பெயர் எப்போது ஏறியது என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எத்தனை பேர் அடித்ததாக டாக்டரிடம் சொன்னார்கள் என்று விபத்துப் பதிவேட்டில் இருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்தத் திருப்பூர்ப் பையன். அவனுக்கு என்ன வயது, என்ன படித்திருக்கிறான் என்று எழுதவில்லை நீங்கள். போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ அவன் எழுதிப் போட்டால் முதலில் கேட்பது, உன்மேல் வழக்கு இருக்கிறதா என்பதுதான். உங்கள் அப்பாவுக்காக ஒரு பக்கம் அழுகிறீர்கள், அந்தப் பையனின் அம்மாவும் அதே ஊரில்தான் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அவர்கள் உங்கள் அப்பாவுக்குச் செய்ததை நீங்கள் அவனுக்கு எழுத்து மாறாமல் செய்திருக்கிறீர்கள். கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் உள்ள கோபத்தைவிட அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன்மேல் உள்ள கோபம் பெரிது.

வழக்கும் எதிர் வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1990-இல் நாத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் எதிர் வழக்கு ஏனோ தனியாகப் பின்தங்கிவிட்டது போலிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: ஒரு வழக்கின் சாட்சியத்தை மற்ற வழக்கில் எடுத்துப் பார்க்கக்கூடாது. அம்மா உண்மையைச் சொன்னால் அப்பாவின் மேல்முறையீடு கெட்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், இதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர் என்பதால் அதில் முதல் சாட்சி உங்கள் அம்மாவாகத்தான் இருப்பார். அவரிடம் பேசுங்கள். யார் அடித்தார்களோ அவர்களைச் சொல்லட்டும், அடி விழுந்தது உண்மை. அந்தப் பையனைக் காட்டிக் கேட்கும்போது, இவன் அன்றைக்கு அங்கே இல்லை என்று சொல்லட்டும். ஊரில் நாலு பேர் ஏசுவார்கள். ஏசட்டும்.

அம்மா கூண்டில் ஏறும் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். உடம்பு சரியாக இருந்தால் வந்து, வெளியே பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்.