காசு கொடுத்த இசைக்கே கிளெய்ம் வருகிறதே?

கேள்வி: கோவையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்து, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியிட்டோம். இசை, கல்லூரி நண்பன். ஜிபேயில் 40,000 ரூபாய் அனுப்பினோம். "மியூசிக் இனி உங்களோடதுதான் மச்சி" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டான். வேறு ஒப்பந்தம் இல்லை. இப்போது எங்கள் கேமை விளையாடி வீடியோ போடும் யூடியூபர்களுக்கெல்லாம் காப்பிரைட் கிளெய்ம் (பதிப்புரிமைக் கோரிக்கை) வருகிறது. நண்பனைக் கேட்டால், "நான் யார் மேலயும் புகார் கொடுக்கலை" என்கிறான். அவன் மீது வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் நண்பர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்த இசையைத் தனி ஆல்பமாக ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஏற்றினாரா என்று மட்டும் கேளுங்கள். ஏற்றியிருந்தால் ஒரு விநியோக நிறுவனம் வழியாகத்தான் போயிருக்கும். அங்கே, வீடியோக்களில் ஒலிக்கும் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் சேர்க்கலாமா என்று கேட்டிருப்பார்கள். இவரும் டிக் போட்டிருப்பார். அதன்பிறகு அந்த இசை எந்த வீடியோவில் ஒலித்தாலும் கிளெய்ம் தானாகவே விழும். யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

அடுத்துச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. அந்த இசை உங்களுடையது அல்ல. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் அந்த வேலையின் பகுதியாக இசையமைத்தால் உரிமை முதலாளிக்கு. தொகை பேசி வெளியாள் செய்துகொடுத்த இசை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவருடையதே. தன் வீட்டில் தானே பதிவும் செய்திருந்தால், ஒலிப்பதிவும் தன்னுடையது என்பார். உரிமையை உங்களுக்கு மாற்றித்தர, பிரிவு 19 கேட்பது கையெழுத்திட்ட ஆவணம். மச்சி என்று முடியும் ஒரு செய்தியை அப்படிப்பட்ட ஆவணம் என்று நீதிமன்றத்தில் நிறுவ நான் முயல மாட்டேன்.

ஆனால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். வெறும் உரிமத்துக்கு, அதாவது பயன்படுத்த மட்டும் தரும் அனுமதிக்கு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுத்தில் இருந்தால் போதும், கையெழுத்து கட்டாயமில்லை. கேமில் பயன்படுத்த உரிமம் தந்தார் என்று வாதாட அந்தச் செய்தியும் பணம் அனுப்பிய பதிவும் உதவும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உரிமை மாற்றத்தில், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிரிவு 30ஏ வழியாக உரிமத்துக்கும் இதே கதிதான். நீங்களோ ஸ்டீமில் உலகம் முழுக்க விற்கிறீர்கள். காலக்கெடு விளையாட்டான விஷயமல்ல: இசை உரிமம் முடிந்ததால் ஆலன் வேக் கேமே 2017 மே மாதம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, உரிமம் புதுப்பித்த பிறகு 2018 அக்டோபரில்தான் திரும்பி வந்தது.

அதனால் நண்பரோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஓர் உரிம ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழு உரிமையையும் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். ஆல்பம் அவரிடமே இருக்கட்டும். உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், கேமிலும் டிரெய்லரிலும் பயன்படுத்தலாம் என்று இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்கிறது பிரிவு 19(4). பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் எண்ணம் பிறகுதான் வரும் என்றால், அந்த விதி பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லாரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு, உங்கள் பிரச்சினையே அதில்தான்: கேமை விளையாடி வீடியோ போடுபவர், நேரலை செய்பவர், அதில் வருமானம் பார்த்தாலும்கூட, கேமோடு சேர்ந்து ஒலிக்கும் இசைக்கு அவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் உங்களுக்கு இருக்க வேண்டும். கூடவே, கன்டென்ட் ஐடியிலிருந்து இசையை எடுக்கவும் பழைய கிளெய்ம்களை விடுவிக்கவும் அவர் விநியோக நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஆல்பம் ஸ்பாட்டிஃபையில் அப்படியே இருக்கலாம்.

அதுவரை யூடியூபர்களிடம் "டிஸ்பியூட் போடுங்கள்", அதாவது கிளெய்மை மறுத்து யூடியூபில் பதியுங்கள் என்று சொல்லாதீர்கள். டிஸ்பியூட்டுக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. அவர்கள் ஏற்காவிட்டால் யூடியூபர் அப்பீல் போடலாம்; அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள். அப்போதும் அவர்கள் விடாமல் வீடியோவை நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழும்; 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். உங்களை நம்பி விளையாடியவரை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. கையெழுத்தான பிறகு அனுமதிக் கடிதம் ஒன்றைக் கேமின் இணையப் பக்கத்திலேயே போடுங்கள். புதிதாகக் கிளெய்ம் வருபவர் 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் தனியாக நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான். "விமர்சனம்தானே, ஃபேர் யூஸ்" என்று சிலர் சொல்வார்கள். பிரிவு 52 அனுமதிப்பது சொந்தப் பயன்பாடு, விமர்சனம், செய்தி போன்றவற்றை. ஒரு மணி நேரம் பின்னணியில் ஓடும் இசை அதில் அடங்குவது கடினம்.

ஆல்பமே போடவில்லை என்று நண்பர் சொன்னால், காசுக்கு வாங்கிய லூப் (ஆயத்த இசைத்துண்டு) எதையாவது இசையில் சேர்த்தாரா என்று கேளுங்கள். அதே லூப்பை வாங்கிய வேறொருவர் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் பதிந்திருக்கலாம். பலருக்கும் விற்கும் லூப்பை அப்படிப் பதிய யூடியூப் விதி இடம் தருவதில்லை. லூப் வாங்கிய ரசீதும் அதன் உரிம நிபந்தனையும் கிடைத்தால், யூடியூபர்கள் அதை வைத்தே மறுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.