கட்டடம் இருக்கு, சாவி யாருகிட்ட?

கேள்வி: உங்க ஊர் பஞ்சாயத்தோ மாநகராட்சியோ இளைஞர்களுக்கும் ஊர்ப் பொதுவேலைக்கும் நெஜமாவே ஏதாச்சும் உதவி பண்ணுதா? கேட்டா கிடைக்குமா?

கிடைக்கும். ஆனா "இளைஞர்களுக்கு ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு மொட்டையா கேட்டா ஒண்ணும் கிடைக்காது, ரெண்டு கிராம சபை வீணாப் போனதுக்கு அப்புறம்தான் இது எனக்குப் புரிஞ்சுச்சு.

நான் மேலூர் பக்கம் ஒரு கிராமம். ஊர் பேர் வேணாம், நாளைக்கு ரேஷன் கடை வரிசையில எல்லார் மூஞ்சியும் பாக்கணும். டிகிரி முடிச்சுட்டு வீட்டுல வரன் பாத்துக்கிட்டு இருந்த நேரம், 2022 ஜனவரியில இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா சேந்தேன். சாயங்காலம் அஞ்சு டூ ஏழு, எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையில இருவது பிள்ளைக. மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகை. எல்லாம் நல்லாத்தான் போச்சு, மழை வர்ற வரைக்கும். ஓட்டுச் சாய்ப்புல இருந்து ஒழுகும், நோட்டு நனையும், அப்பத்தா ஒரு பக்கம் வையும், பிள்ளைக இன்னொரு பக்கம் மழையில ஆட ஓடிரும்.

இத்தனைக்கும் எங்க தெருவுல இருந்து நூறு அடியில மந்தையை (ஊர்ப் பொது இடம்தான்) ஒட்டி ஒரு நூலகக் கட்டடம் இருக்கு. 2006ல இருந்து 2011 வரைக்கும் நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல கட்டுனது, உங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கும், போய்ப் பாருங்க, பூட்டித்தான் கெடக்கும். எங்க ஊர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரை மதிப்பூதியத்துக்கு வச்சு கொஞ்ச நாள் தெறந்து வச்சிருந்தாங்களாம், அவர் தவறுனதோட பூட்டுன பூட்டு.

சாவி கேட்டு அலைஞ்ச கதையை மட்டும் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா உங்க கேள்விக்கு அதுதான் பதில்.

கிளார்க்கு அண்ணன்கிட்ட போனேன் (ஊராட்சி செயலர்தான், எங்க ஊர்ல கிளார்க்குன்னுதான் சொல்லுவோம்). "எங்கிட்ட எங்கத்தா இருக்கு, தலைவர்கிட்ட கேளு"ன்னாரு. தலைவர் எனக்குப் பெரியப்பா முறை, "கிளார்க்குகிட்டதானத்தா இருக்கும்"ன்னாரு. ஒரு வாரம் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். கடைசியில பாத்தா சாவி, டேங்குக்கு மோட்டார் போட்டுத் தண்ணி தெறந்து விடுற மாமா இடுப்புல, அரைஞாண் கயித்துல மோட்டார் ரூம் சாவியோட சேந்து தொங்குது! ஏன்னா நூலகத்துக்குள்ளதான் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கி வச்சிருக்கு. தெறந்து காட்டச் சொன்னேன், குப்பென்னு அந்த வாடை, கண்ணெல்லாம் எரியுது. பவுடர் மூட்டைக்குப் பின்னாடி பழைய டியூப் லைட்டு, ஓட்டை விழுந்த குப்பை வண்டி, அதுக்கும் பின்னாடி இரும்பு பீரோவுல புத்தகம், பாதி செல்லரிச்சுப் போச்சு, மிச்சம் பாதி கட்டுப் பிரிக்காமயே இருக்கு. மாமா சொன்னாரு, "உனக்கு குடுக்குறதுக்கு என்னத்தா, ஆனா ஒரு மூட்டை கொறஞ்சா நான்ல பதில் சொல்லணும்". அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல.

மே 1 கிராம சபைக்குப் போனேன். வருசத்துக்கு ஆறு நடக்கணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வோட்டர் லிஸ்ட்டுல பேர் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர், யாரும் உங்களைச் சேத்துக்கணும்னு அவசியமே இல்ல, பதினெட்டு முடிஞ்ச எத்தனை பேருக்கு இது தெரியும்னு நெனைக்கிறீங்க? எங்க பஞ்சாயத்து ஜனத்தொகைக்கு 100 பேர் வரணும், அந்த நூறுல எம்பது பேர் நூறு நாள் வேலைக்குப் போற அத்தைமாருதான், கையெழுத்துப் போட்டுட்டு வெயிலுக்கு முந்தானையைத் தலையில போட்டு உக்காந்திருப்பாங்க. இளவட்டம்னா நானும் இன்னும் ரெண்டு பயலும். எந்திரிச்சு, "ஊர்ல படிச்ச பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்க"ன்னேன். "பண்ணிருவோம்த்தா"ன்னு தலைவர் சொல்லிட்டு அடுத்து தெரு லைட்டுக்குப் போயிட்டாரு. ஆகஸ்ட் 15க்கும் அதே கதை, அதே "பண்ணிருவோம்த்தா".

அப்புறம் மேலூர்ல வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கிற அக்கா ஒருத்தவங்கதான், பேச்செல்லாம் காத்துல போயிரும், மனுவா எழுதிக் குடு, என்ன, எங்க, எந்த நேரம், யார் பொறுப்பு, நாலும் இருக்கணும், தீர்மானப் புத்தகத்துல ஏறுதான்னு நின்னு பாரு, வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வான்னாங்க. அக்டோபர் 2க்கு எழுதிக் குடுத்தது இம்புட்டுத்தான்: பிளீச்சிங் பவுடரைப் பஞ்சாயத்து ஆபீஸ் பின் ரூமுக்கு மாத்தணும், நூலகத்தைத் தினம் சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் தெறக்கணும், ரெண்டாவது சாவி தன்னார்வலர்கிட்ட இருக்கணும், ஃபேன் லைட்டு சரி பண்ணணும். நாலு வரி. ஒத்தப் பைசா புது நிதி கேக்கல, அதனாலயோ என்னமோ யாரும் மறுக்கல. தீர்மானம் ஏறுச்சு. பத்து நாள்ல சாவி கைக்கு வந்துச்சு.

நடுவுல சில பெரியவங்க, "எதுக்குத்தா இம்புட்டு அலைச்சல், கோயில் மண்டபம் சும்மாதான கெடக்கு, அங்கன நடத்து"ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா எங்கிட்ட படிக்கிற இருவதுல எட்டுப் பிள்ளைக காலனிப் பிள்ளைக. மண்டபப் படியேற அதுக வராதுக, வந்தாலும் யாராச்சும் ஒருத்தர் மொறைப்பாக, அடுத்த நாள் பாத்தா எட்டும் இருக்காது. பஞ்சாயத்துக் கட்டடம்னா அந்தப் பேச்சே எடுக்க முடியாது, அரசாங்கக் காசு, எல்லாருக்கும் பொது. அதனாலதான் அந்த செல்லரிச்ச கட்டடத்துக்கு நான் அப்படி ஒத்தக்கால்ல நின்னேன், இதை அப்ப சபையில சொல்லல, இங்கதான் சொல்றேன். நடிகர் மன்றத்துப் பேர்லயோ ஏதாச்சும் பேரவை பேர்லயோ போய் உதவி கேக்குற தம்பிகளுக்கும் இதையேதான் சொல்லுவேன், அந்தப் பேரைப் பாத்ததும் அடுத்த தெரு பய வரமாட்டான்.

நூலகம் தெறந்ததும் நான் நெனைக்காத ஒண்ணு நடந்துச்சு. ஏழு மணிக்குப் பிள்ளைக போனதும், போலீஸ் வேலைக்கும் குரூப் ஃபோருக்கும் படிக்கிற பெரிய பசங்களும் பொண்ணுகளும் வர ஆரம்பிச்சாங்க. போலீஸ் தேர்வுல பையங்க 1500 மீட்டரை 7 நிமிசத்துல ஓடணும், பொண்ணுக 400 மீட்டரை ரெண்டரை நிமிசத்துல. பயலுக கண்மாய்க்குள்ள ஓடுவாய்ங்க, தண்ணி வந்துட்டா ரோடுதான். பொண்ணுக விடியக்காலையில கண்மாய்க் கரையில ஓடும், கூட ஒரு அம்மாவோ அத்தையோ டார்ச் லைட்டோட கரையில உக்காந்திருக்கும், ஒரு பிள்ளைக்கு சீமைக்கருவேல முள்ளு செருப்பைத் தாண்டி ஏறி மூணு வாரம் நொண்டுச்சு.

அதுக்கு மைதானம் கேட்டோம். இந்தத் தடவை விவரமாயிட்டோம்ல, சர்வே நம்பரோட போனோம். இது ரொம்ப முக்கியம்: கண்மாய்ப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்குல மைதானம் கேட்டா நடக்கவே நடக்காது, நீர்நிலைன்னு தூக்கிப் போட்டுருவாங்க. வி.ஏ.ஓ.கிட்ட அ-பதிவேட்டை (எந்த நிலம் யாரோடதுன்னு இருக்குற கணக்கு) காட்டச் சொல்லிப் பாத்ததுல மந்தைக்குத் தெக்க இருக்குற ஒரு துண்டு பஞ்சாயத்துக்குப் பாத்தியப்பட்டதுன்னு தெரிஞ்சுச்சு. நூறு நாள் வேலையில விளையாட்டு மைதானமும் அப்ப ஒரு வேலையா இருந்துச்சு, பல பேருக்கு இது தெரியாது, ஓவர்சியரே "அப்படியா"ன்னாரு, அப்புறம் லிஸ்ட்டைப் பாத்துட்டு ஆமான்னாரு. ஜேசிபி விடக்கூடாது, ஆள் வச்சுத்தான் செய்யணும்னு இருந்துச்சு, அதனால மாசக்கணக்குல இழுத்துச்சு. கருவேல வேரைத் தோண்டுனது பூராம் நம்ம அத்தைமாருதான். "உங்க மக ஓடுறதுக்கு நாங்க வேர் புடுங்குறோம்டி"ன்னு எங்க அம்மாவைக் கேலி பண்ணுவாங்க, நான் ஒரு நாளும் ஓடுனது இல்ல, அது வேற விசயம்.

2024ல பஞ்சாயத்துகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்துச்சு. பேட்டு, பந்து, வாலிபால், கேரம் போர்டுன்னு மூட்டை மூட்டையா. எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? பஞ்சாயத்து ஆபீஸ் பின் ரூமுக்கு, நான் மாத்தச் சொன்ன அதே பிளீச்சிங் பவுடர் பக்கத்துலயே போய் உக்காந்துக்கிச்சு. பேட்டு ஒடஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றதுன்னு பயம். நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, எடுத்த ஆள், தேதி, திரும்பக் குடுத்தது, கையெழுத்துன்னு கோடு போட்டு கிளார்க்கு அண்ணன் டேபிள்ல வச்சேன். அந்த நோட்டுதான் அவருக்குத் தைரியம், மறுநாளே வாலிபால் வெளிய வந்துருச்சு. நெட்டு இன்னும் உள்ளதான் இருக்கு, கட்டுறதுக்குக் கம்பம் இல்ல.

பஞ்சாயத்துக்காரங்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லைங்க. 2026 மார்ச் வரைக்குமான 15வது நிதிக்குழு மானியத்துல (மத்திய அரசு குடுக்குறது) நூத்துக்கு 60 ரூபா தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்டதுதான், மிச்ச 40லதான் வேற வேலை. கட்டடம் கட்ட ஏதாச்சும் ஒரு திட்டம் வந்துரும், அதைத் தெனம் தெறந்து பெருக்கி லைட்டைப் போட ஒரு ஆளுக்குத் தொடர்ந்து சம்பளம் பெரும்பாலும் வராது. 2016-17ல அறிவிச்ச அம்மா பூங்கா, அம்மா ஜிம் பல ஊர்ல துருப்பிடிச்சு நிக்கிறதுக்கும் இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

2025 ஜனவரி 5ஓட தலைவர், மெம்பர் எல்லார் பதவிக்காலமும் முடிஞ்சுபோச்சு, தனி அலுவலர்னு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பொறுப்புக்குப் போச்சு. அவர் கையில எங்க ஊர் மட்டுமா இருக்கு, ஒன்றியத்துல இருக்குற அத்தனை பஞ்சாயத்தும். முன்னாடி பெரியப்பாவை டீக்கடையில பிடிச்சுக் கேட்டதை இப்ப யூனியன் ஆபீஸ் போய்க் கேக்கணும், ஒரு டியூப் லைட்டுக்கு பஸ் ஏறணும். பெரியப்பாவை அப்ப நான் திட்டுன திட்டெல்லாம் நெனைச்சா சிரிப்பு வருது, "பண்ணிருவோம்த்தா"ன்னு சொல்லக்கூட அப்ப ஒரு ஆள் இருந்துச்சு.

இன்னும் நடக்காதது ஒண்ணு: கக்கூஸ். ராத்திரி எட்டு மணி வரைக்கும் பொண்ணுக உக்காந்து படிக்குதுக, நூலகத்துல கக்கூஸ் கெடையாது. நமக்கு நாமே திட்டத்துல கேட்டோம், அதுல மொத்தச் செலவுல மூணுல ஒரு பங்கு ஊர்க்காரங்க போடணும். எஸ்டிமேட் மூணு லட்சம், எங்க பங்கு ஒரு லட்சம். சிங்கப்பூர்ல இருக்குற அண்ணனுங்க, உள்ளூர்க்காரங்கன்னு 62 ஆயிரம் சேந்துச்சு, அதோட நிக்குது. ஆதிதிராவிடர் குடியிருப்புல செய்யுற வேலைன்னா அஞ்சுல ஒரு பங்கு போட்டாப் போதும், அதாவது 60 ஆயிரம். கையில இருக்குறதே போதும்! கிளார்க்கு அண்ணன் இதைச் சொன்னதும் ஒரு தம்பி டக்குனு கேட்டான், "அப்ப நூலகத்தையே காலனிக்கு மாத்திருவோமாக்கா, மந்தைப் பயலுக அங்கிட்டு வரட்டும்"னு. கூட்டத்துல ஒருத்தரும் வாயத் தெறக்கல. எனக்கு அவன் சொன்னது பிடிச்சிருந்துச்சு, ஆனா நானும் ஒண்ணும் பேசல, அது இன்னமும் மனசுல உறுத்துது.

நீங்க எந்த ஊர்னு சொல்லல. மதுரை டவுனுக்குள்ளன்னா 100 வார்டு, கவுன்சிலர் தலைமையில வார்டு கமிட்டி, அதுக்குக் கீழ பகுதி சபைன்னு 2022ல இருந்து இருக்கு, கிராம சபை மாதிரியேதான், ஆனா நடக்குற தேதியை நீங்களே விசாரிச்சுப் போகணும், வீடு தேடி வந்து யாரும் கூப்பிட மாட்டாங்க. புதுநத்தம் ரோட்டுல 2023 ஜூலையில தெறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அருமையா இருக்கு, எங்க ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஆனா அது மாநில அரசோடது, அதைக் காட்டி உங்க கவுன்சிலர் தப்பிச்சுக்க விட்டுறாதீங்க. உங்களுக்கு வேண்டியது வார்டுக்குள்ளயே பூட்டிக் கெடக்குற ஏதாச்சும் ஒரு மாநகராட்சி ரூம்தான். மொதல்ல அதைக் கண்டுபிடிங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிங்க, அப்புறம் மனு எழுதுங்க. மனு ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல தேதியோட சீல் போட்டு வாங்காம வெளிய வராதீங்க. எதுவும் அசையலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கு, அங்க மொதல்ல கேக்குறதே அந்த சீல் வச்ச காப்பியைத்தான்.