நூறு கீகல் செய்தும் கசிவது ஏன்?

கேள்வி: சுகப்பிரசவமாகி நான்கு மாதம் ஆகிறது. தும்மினாலும் குழந்தையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. தினமும் நூறு முறை கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) செய்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தியும் பழகுகிறேன். பலனில்லை. இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை ஊஞ்சல் துணிபோல் விரிந்து, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பயிற்சியில் இவை உள்ளே, மேலே எழும்ப வேண்டும். பலர் தெரியாமலே கீழே முக்குகிறார்கள். அப்படி நூறு முறை முக்கினால், பலவீனமான இடத்தின் மேலேயே நூறு முறை பாரம் ஏற்றியதாகும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். கையைக் கழுவிவிட்டு, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட சதையில் விரல் நுனியை வையுங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் பின்பக்கத்தை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்னால் சிறுநீர்த் துவாரம்வரை கொண்டுவாருங்கள். சதை விரலைவிட்டு உள்ளே விலகினால் சரி. விரலை வெளியே தள்ளினால் முக்குகிறீர்கள். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சும் நிற்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக ஓடும்.

பிடிபட்ட பிறகு அளவு: 6 முதல் 8 விநாடி இறுக்கம், அதே நேரம் முழுத் தளர்வு. இப்படி 8 முதல் 12 முறை, கூடவே சட்டென இறுக்கி விடுவது 10 முறை. நாளுக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் 3 விநாடிதான் நிற்கிறது என்றால் அதிலிருந்தே ஏற்றுங்கள். படுத்துப் பழகி, உட்கார்ந்து, பின் நின்று செய்யுங்கள்; தும்மல் படுத்திருக்கும்போது மட்டுமா வருகிறது? குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுத்தான் பலனை எடைபோட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லும் அந்த நொடியிலேயே தசையை இறுக்கி, தும்மி முடியும்வரை பிடித்திருங்கள். குழந்தையைத் தூக்குமுன்னும் இப்படியே இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதை இன்றே விடுங்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். கசிவுக்குப் பயந்து தண்ணீரையும் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டி அவசரத்தைத்தான் கூட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். தினமும் முக்குகிற இடத்தில் எந்தப் பயிற்சியும் நிற்காது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது காலடியில் சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்னால் சாயுங்கள்.

உறவின்போது வலி, சிறுநீர் போகத் தொடங்கவே சிரமம் போன்றவை இருந்தால் தசை தளராமல் இறுகியே கிடக்கலாம். அந்த நிலையில் கீகல் வலியைக் கூட்டும். பெண்கள் நல பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்து, முதலில் தளர்த்தக் கற்றுத்தருவார். அடியில் ஏதோ இறங்கிய உணர்வு, மலக் கசிவு, சிறுநீரில் எரிச்சல் அல்லது இரத்தம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே திடீரென மரத்துப்போனாலோ, சிறுநீர் போகவே முடியாவிட்டாலோ அன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் இதே பயிற்சியைச் செய்யலாம். ஆனால் மாதங்கள் ஏறியபின் மல்லாந்து படுக்காமல், ஒருக்களித்தோ உட்கார்ந்தோ செய்யுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது தேவை. பத்து மாதம் பாரம் சுமந்தது அதே தசைதானே.